திகதி இல்லாத இருபது பென்ஸ்

பொயிலர் இரையத் தொடங்கிவிட்டது. என் மனைவி தவமலர் குளியலறையில் தண்ணீரைத் திறந்தால் குசினி மூலையில் இருக்கிற இந்தப் பொயிலர் உடனே உறுமும், அவள் பூட்டினால் அடங்கும், ஆகவே இது உறுமுகிற வரைக்கும் எனக்கு நேரம் இருக்கிறது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, தலைக்கு வார்ப்பாள், அதுவும் இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் புரண்டவள், சுடுதண்ணீருக்குக் கீழே கொஞ்சம் கூடுதலாகவே நிற்பாள். இருபது நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பு மணிக்கூட்டில் ஆறு நாற்பத்தொன்று. ஏழு மணிக்குள் காரியம் முடிந்துவிட வேண்டும். காரியம் என்ன பெரிய காரியம், மேல் அலுமாரியைத் திறக்கிறது, அம்மன் படத்துக்கு முன்னால் இருக்கிற மஞ்சள் துணி முடிச்சை எடுக்கிறது, அவிழ்க்கிறது, உள்ளே இருக்கிற இருபது பென்ஸ் காசை எடுத்துவிட்டு என் சட்டைப்பையில் இருக்கிற இருபது பென்ஸ் காசை வைத்துத் திரும்ப முடிகிறது. இருபதுக்கு இருபது. உலகத்தில் ஒருவருக்கும் ஒரு சதம் நட்டமில்லை. இதற்குப் போய் அறுபத்தாறு வயது ஆள் ஒருவன் வெறுங்காலோடு குளிர்ந்த நிலத்தில் நின்று நடுங்குகிறான் என்றால் சிரிப்புத்தான் வரவேண்டும். வரவில்லை. போனை மேசையில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். அது எந்த நேரமும் அடிக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து மருமகன் நிரோசன் எடுப்பான், எடுத்து இரண்டில் ஒன்று சொல்லுவான், அவன் சொல்ல முதல் இந்தக் காசு தன் இடத்துக்குப் போயிருக்க வேண்டும். நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. கோயிலுக்குப் போவேன், வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால். போனால் ஒரு ஓரமாக நின்று அன்னதானத்துக்கு இன்றைக்கு என்ன கறி என்று மணத்தை வைத்துக் கண்டுபிடிப்பேன். அப்படிப்பட்டவன் இன்றைக்கு அலுமாரியைத் திறக்க முதல் கையைக் கழுவினேன். கழுவுகிறேன் என்பதைக் கவனித்துக்கொண்டேதான் கழுவினேன்.

முடிச்சு உள்ளங்கைக்குள் அடங்குகிறது. துணிக்கு மேலாகத் தடவினால் மூலைகள் தெரியும், இருபது பென்ஸ் வட்டமில்லை, ஏழு பக்கம். ஆனால் எது எந்தக் காசு என்று விரலுக்குத் தெரியாது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கண்ணுக்கே தெரியாது. என் சட்டைப்பையில் இருக்கிற காசிலும் ஒரு பக்கம் மகாராணியின் தலை, மறுபக்கம் கேடயத்தில் ஒரு துண்டு. எல்லாம் இருக்கிறது, வருஷம் மட்டும் இல்லை. முந்தி வருஷத்தைப் பூப் பக்கத்தில் அடித்தார்கள். இரண்டாயிரத்து எட்டில் காசின் கோலத்தை மாற்றினபோது வருஷத்தைத் தலைப் பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த மாற்றத்தின்போது பழைய தலையும் புதிய பூவும் தவறிச் சேர்ந்து ஒரு தொகைக் காசு வெளியில் வந்துவிட்டது. பழைய தலையில் வருஷம் இல்லை, புதிய பூவிலும் இல்லை. நான் ஊரில் காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன், திகதி போடாத கடுதாசியை என் மேசையைத் தாண்ட விடமாட்டேன், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அப்படிப்பட்டவனுக்கு இந்த நாட்டில் திகதி இல்லாத ஒரு காசு செல்லுபடியாகிக் கைமாறிக்கொண்டிருக்கிறது என்று பேப்பரில் படித்தபோது முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வந்தது. பிறகு அது என் கைக்கு வரவேண்டும் என்று வந்தது. அப்போது பெற்றோல் செட்டில் கல்லாவில் நின்றேன். வருகிற ஒவ்வொரு இருபது பென்ஸையும் புரட்டிப் பார்த்தே உள்ளே போட்டேன், வரிசையில் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஓய்வெடுத்த பிறகு வங்கியில் பத்துப் பவுண் தாளைக் கொடுத்து ஐம்பது காசு உள்ள பையை வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாய்ப் பார்த்து, திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்து வேறு பை வாங்குவேன். அந்த வங்கிப் பெட்டை என்னைக் கண்டால் மற்ற ஜன்னலுக்குப் போய்விடுவாள். பதினான்கு வருஷம். மற்ற மனிதர்கள் ஓய்வெடுத்தால் தோட்டம் செய்வார்கள், நீங்கள் அரிசிக்குக் கல் பொறுக்குகிற மாதிரி காசு பொறுக்குகிறீர்கள் என்பாள் தவமலர். கல் எடுத்தால் பல்லாவது தப்பும், இதில் என்ன தப்புகிறது என்பாள். காசு விலைக்குக் கிடைக்கும், எண்பது தொண்ணூறு பவுண் கொடுத்தால் நாளைக்கே தபாலில் வரும். விலைக்கு வாங்கினால் அது காசு. பையிலிருந்து வந்தால் அது எனக்கென்று வந்தது. இதை யாருக்கு விளங்கப்படுத்துவது?

வந்தது. மே மாதக் கடைசியில் ஒரு பின்னேரம், மூன்றாவது பையில், முப்பதாவதோ முப்பத்தோராவதோ காசு. பூவைப் பார்த்தேன், திருப்பித் தலையைப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன், லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஸ்திரி போட்ட கைலேஞ்சித் துணி ஒன்றை எடுத்து மேசையில் விரித்து அதன் நடுவில் அந்தக் காசை வைத்தேன். காலையில் தவமலரைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி ஆறுதலாகக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போனேன். விடியப்புறம் போன் அடித்தது. மகள் சுகிர்தா. கர்ப்பம் எட்டாவது கிழமை, இரத்தம் போகிறது. அது மூன்றாவது தடவை, முதல் இரண்டும் ஒன்பதில் ஒன்று, பதினொன்றில் ஒன்று போய்விட்டன. தவமலர் அழவில்லை. என் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்தாள், கோப்பையில் மஞ்சளைக் கரைத்தாள், துணியை நனைத்துப் பிழிந்தாள், ஒரு காசு வேண்டும் என்று மேசையைப் பார்த்தாள். மேசையில் பையோடு நாற்பத்தொன்பது காசு கிடந்தது. அவள் கை நேரே கைலேஞ்சிக்குப் போனது. புறம்பாய், சுத்தமாய், அதற்கென்றே எடுத்து வைத்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் அதை மஞ்சள் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தாள். காசு சேர்க்கிறவன் செய்யவே கூடாத காரியம் காசைக் கழுவுகிறது, வெறும் கையால் முகத்தைத் தொடுகிறதுகூடப் பாவம், என் பதினான்கு வருஷம் மஞ்சள் தண்ணீரில் முழுகுகிறது, நான் வாயைத் திறந்தேன், திறந்த வாயோடு நின்றேன். எந்த மனிதன் அந்த நேரம் பேசுவான்? மகள் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க, ஒரு தாய் பிள்ளைக்கு நேர்ந்து காசு முடிகிறபோது, அந்தக் காசை வை, வேறு காசு எடு என்று எந்த வாய் சொல்லும்? என் வாய் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் என் நல்ல பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். பிள்ளை நல்லபடி பிறந்தால் காசைக் கோயில் உண்டியலில் போடுகிறது, அதுவரைக்கும் முடிச்சு அவிழக் கூடாது, அதுதான் நேர்த்தி. மத்தியானம் இரத்தம் நின்றது. ஸ்கானில் நெஞ்சு அடிக்கிறது என்றார்கள். தவமலர் அலுமாரியைத் திறந்து படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள், நானும் பார்த்தேன், படத்தை இல்லை, முடிச்சை.

ஆறு நாற்பத்தொன்பது. முடிச்சு இளகமாட்டேன் என்கிறது. மூன்று கிழமைக்கு முதல் நான் அவிழ்த்தபோது இது தவமலர் முடிந்த முடிச்சு, நகத்தால் ஒரு இழுப்பு இழுக்க விட்டுக்கொடுத்தது. இப்போது இருப்பது நான் முடிந்தது. களவெடுத்தவன் முடிந்த முடிச்சு எப்படி இருக்கும், மாட்டைக் கட்டுகிற மாதிரி இறுக்கியிருக்கிறேன். அவள் முடிச்சுக்கும் என் முடிச்சுக்கும் உள்ள வித்தியாசம் இந்த மூன்று கிழமையாக அவள் கண்ணில் படவில்லையே என்பது ஒரு அதிசயம். நம்புகிறவர்கள் உற்றுப் பார்ப்பதில்லை. நான்தான் எதையும் புரட்டிப் பார்க்கிற சாதி. லாச்சியைத் திறக்கிறேன். முள்ளுக்கரண்டி இருக்கிறது, நுனியை உள்ளே விட்டு நெம்பலாம், ஆனால் நேற்று மீன் சாப்பிட்ட முள்ளுக்கரண்டி, வெள்ளிக்கிழமை. கத்தரிக்கோல் இருக்கிறது, வெட்டினால் திரும்ப முடியத் துணி காணாது. ஊக்கு அவளுடைய தாலிக்கொடியில் கொழுவியிருக்கிறது, அது இப்போது தண்ணீருக்குக் கீழே நிற்கிறது. பல்லால் கடித்து இழுக்கலாம். பல்லால் இழுத்தால் எச்சில். அம்மாளுக்கு நேர்ந்த துணியில் எச்சில். அட, நான்தானே சாமி இல்லை என்கிறவன், பிறகு யாருக்கு எச்சில்? இதைக் கேட்டுவிட்டும் பல்லை வைக்கவில்லை, நகத்தாலேயே கிண்டிக்கொண்டு நிற்கிறேன்.

ரோனிதான் காரணம் என்று சொல்ல ஆசை. இல்லை, ரோனி பாவம். ஓய்வு பெற்ற பஸ் சாரதி, பல்லெல்லாம் கட்டினது, இல்பேர்டில் ஒரு தேவாலய மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் எட்டுப் பேர் கூடுவோம், எட்டில் ஏழு பேர் வெள்ளைக்காரர், ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு பிளாஸ்க். பிழையாக அடித்த காசுகள்தான் எங்கள் எல்லாருக்கும் பைத்தியம். ஓரம் தப்பினது, இரண்டு தரம் அடிபட்டது, ஒரு பக்கம் வெறுமையானது. அந்த ஒரு மேசையைச் சுற்றி இருக்கும்போதுதான் நான் எங்கிருந்து வந்தேன் என்று ஒருவரும் கேட்பதில்லை, எதைக் கொண்டுவந்தாய் என்றுதான் கேட்பார்கள். ஒக்டோபரில் ரோனி திகதி இல்லாத இருபது பென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். விலைக்கு வாங்கினது. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் ஐந்து மாதம் பூட்டி வைத்திருந்த வாய் அப்போது திறந்துவிட்டது. என்னிடமும் ஒன்று இருக்கிறது, வாங்கினதில்லை, சில்லறையில் வந்தது என்றேன். அவர்கள் சிரித்தார்கள். கேலியாக இல்லை, கேலியாகச் சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சின்னப் பிள்ளை எனக்குச் சிறகு இருக்கிறது என்றால் ஓமோ என்று சிரிப்போமே, அந்த அன்பான சிரிப்பு. அடுத்த முறை கொண்டுவாயேன் பார்ப்போம் என்றான் ரோனி. அந்த ஒரு மாதம் என் சோறு இறங்கவில்லை. ஒரு நாளைக்குத்தான், சனிக்கிழமை காலையில் எடுத்துப் பின்னேரம் திரும்ப வைப்பேன், அதுவரைக்கும் வேறொரு இருபது பென்ஸ் அந்த இடத்தில் இருக்கட்டும், வெறும் துணியாய் விடாமல் காசுக்குக் காசு வைக்கிறேனே, என்ன பிழை என்று எனக்கு நானே நியாயம் எழுதினேன். தவமலர் கடைக்குப் போன நேரம் செய்தேன். மண்டபத்தில் ரோனி லென்ஸைக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தான். மஞ்சள் கறை ஏன் என்று கேட்டான், அது ஒரு கதை என்றேன். பிறகு எழுந்து எனக்குக் கைகொடுத்தான். ஏழு பேரும் கைகொடுத்தார்கள், நான் என் கையை நானே குலுக்காததுதான் குறை. இந்த நாட்டுக்கு வந்த இருபத்தேழு வருஷத்தில் அப்படி ஒருவரும் எனக்குக் கைகொடுத்ததில்லை. அந்தப் பின்னேரம் காசை வைக்கவில்லை. அடுத்த நாளும் வைக்கவில்லை. தவமலர் வீட்டில் இருந்தாள், நேரம் வாய்க்கவில்லை என்று சொல்லலாம். அவள் வெளியில் போன நாட்களும் இருந்தன. பையில் அது இருக்கிறபோது நடையே வேறாக இருந்தது, அவ்வளவுதான் உண்மை.

சனிக்கிழமை எடுத்தேன். திங்கட்கிழமை சுகிர்தாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கால் வீங்கும். அம்மாவுக்கு வீங்கினதைப் பார்த்திருக்கிறேன், தவமலருக்கு வீங்கினது, சப்பாத்து அளவு இரண்டு கூடினது. ஆனால் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை இல்லை. நான் திகதி பார்க்கிறவன், திகதிகளுக்கு நடுவே உள்ள தூரம் எனக்குக் கணக்குப் பார்க்காமலே தெரியும். சனிக்கும் திங்களுக்கும் நடுவே ஒரு நாள். ஒரு காசு ஒரு உயிரை என்ன செய்யும்? ஐந்து கிராம் உலோகம். அலுமாரிக்குள் இருக்கிற உலோகம், மூன்று மைல் தள்ளிப் படுத்திருக்கிற பிள்ளையின் இரத்தக் குழாயைப் போய்ப் பிடிக்குமா? பிடிக்காது. பிடிக்காது என்றால் மே மாதத்தில் இரத்தம் நின்றது இந்தக் காசால் இல்லை, அப்படியென்றால் காசை நான் எடுத்ததால் ஒன்றும் இல்லை, அப்படியென்றால் நான் ஏன் இப்போது இங்கே நிற்கிறேன்? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை திரும்பவும் திங்கட்கிழமைக்குப் போய்விடுகிறது. நேற்றுப் பின்னேரம் பிரஷர் ஏறி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்று சொன்னாள் சுகிர்தா. முப்பத்தைந்தாவது கிழமை. இனியும் வைத்திருப்பது தாய்க்கு ஆபத்து, மருந்து ஏற்றிப் பிறக்க வைக்கப் போகிறோம் என்றார்கள். கூட நிற்க ஒருவருக்குத்தான் இடம், நிரோசன் நின்றான். நாங்கள் கிளம்பும்போது அவள் என்னைக் கூப்பிட்டு, அப்பா, வீட்டை போய் அம்மாவோடயே இருங்கோ, காசோட மினக்கெடாதேங்கோ என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள், வீங்கின முகத்தில் சிரிப்பு வர இடம் காணவில்லை. நான் ஓம் என்றேன். வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது தவமலர், அம்மாளிட்ட முடிச்சு இருக்குத்தானே, அவ பார்ப்பா என்றாள். என் சட்டைப்பையில் அது அப்போது நெருப்புத்துண்டு மாதிரிக் கிடந்தது.

ஆறு ஐம்பத்தெட்டு. நகம் பிய்ந்து இரத்தம் எட்டிப் பார்க்கிறது. எச்சிலாவது ஒன்றாவது. துணியை வாய்க்குள் கொண்டுபோய்க் கடைவாய்ப் பல்லால் பற்றி இழுக்கிறேன், மஞ்சள் கசக்கிறது, கற்பூரமும் சாம்பிராணியும் ஆறு மாதமாய் ஊறின கசப்பு, அம்மாளாச்சி கோவிச்சுக்கொள்ளாதே என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்கிறது, அது என் குரல்தான். இளகுகிறது. அவிழ்ந்துவிட்டது. மணிக்கூட்டைப் பார்க்கிறேன், ஏழு ஒன்று. துணியை மேசையில் விரிக்கிறேன், உள்ளே இருந்த காசை எடுத்து அப்பால் வைக்கிறேன், சட்டைப்பையில் இருந்ததை எடுத்து இப்பால் வைக்கிறேன். பொயிலர் இரைகிறது. இனி வைத்து முடிகிறதுதான், அரை நிமிஷ வேலை. ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு முடிந்தால் என்ன? இனிமேல் பார்க்க முடியாது, பிள்ளை பிறந்தால் உண்டியலுக்குப் போகும், உண்டியலிலிருந்து வங்கிக்குப் போகும், வங்கியிலிருந்து எவனோ ஒருவனுடைய பார்க்கிங் மெஷினுக்குள் போகும், ஒருவரும் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. லென்ஸை எடுக்கிறேன். வெளியில் இன்னும் இருட்டு, குசினி வெளிச்சத்துக்குக் கீழே பிடிக்கிறேன். மகாராணியின் காதோரம் மஞ்சள் படிந்திருக்கிறது. கழுத்துக்குக் கீழே, வருஷம் இருக்க வேண்டிய இடத்தில், வெறுமை. என்ன வடிவான வெறுமை. திருப்புகிறேன். அங்கேயும் வெறுமை. பதினான்கு வருஷம் எந்தக் காசைப் புரட்டினாலும் ஏதோ ஒரு வருஷம் என்னைத் திரும்பிப் பார்த்தது, இது ஒன்றுதான் பேசாமல் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. பொயிலர் எப்போது நின்றது என்றும் தெரியாது. நிமிர்ந்தபோது குசினி அமைதியாக இருந்தது, வாசலில் தவமலர் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. விரித்த மஞ்சள் துணியைத்தான் பார்த்தாள். போன் அடித்த மாதிரி இருந்தது, அதுதான் அரைகுறையில் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தவள் அதை முடிக்கவில்லை.

"அவிட்டனீங்களோ?" என்றாள்.

ஓம் என்றேன். ஏன் என்று கேட்டாள். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், அவள் மெல்லத்தான் கேட்டாள். நான் இரண்டு காசையும் காட்டி, நீர் மே மாசம் முடிஞ்ச காசு இது, முடிச்சுக்குள்ள இருந்தது அது என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன வித்தியாசம் என்றாள். இதில் திகதி இல்லை, பிழையாக அடித்த காசு என்றேன், பதினான்கு வருஷமாய்ச் சொல்லிப் பழகின வாய், அந்தச் சொல்லைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தது. தவமலர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். துவாயிலிருந்து தண்ணீர் சொட்டித் தோள் நனைந்தது.

"பிழையான காசோ?" என்றாள். "பிழையான காசையோ நான் பிள்ளைக்கு நேர்ந்தனான்? அதாலயோ அவளுக்கு இப்பிடி?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ஒரு கதவு திறந்திருக்கிறது. ஊனமில்லாத தேங்காய், அழுகாத பழம், கிழியாத வெற்றிலை என்று பார்த்துப் பார்த்துப் படைக்கிறவள் அவள், பிழையான காசு என்றதும் அவள் மனம் தன் கையைத்தான் பார்த்தது. நான் ஓம் என்றால் போதும். அதைக் கண்டுபிடித்துத்தான் நல்ல காசாய் மாற்றி வைத்தேன், உமக்குச் சொன்னால் மனம் நோகும் என்று சொல்லவில்லை என்றால் போதும். நம்புவாள். நான் களவெடுத்தவனாக இருந்தது மாறி, வீட்டைக் காத்தவனாகிவிடுவேன். ஒரு சொல் கூடத் தேவையில்லை, தலையை ஆட்டினால் போதும். அவள் ஆறு மாதத்துக்கும் பின்னால் போய், தன் கை அந்தக் கைலேஞ்சிக்குப் போன விடியப்புறத்தை நினைத்து நினைத்துச் சாகும்வரை குமைவாள். பிள்ளைக்கு ஏதும் ஆனால் அதையும் தன் தலையில் போட்டுக்கொள்வாள். அவளுடைய நெற்றியில் ஒரு நரை மயிர் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் தலையை ஆட்ட முடியவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. வெட்கமாக இருந்தது.

"இல்லைத் தவம்," என்றேன். "காசில ஒரு பிழையும் இல்லை. ஆசையில எடுத்தனான். நாலு பேருக்குக் காட்டிப் பெருமை அடிக்க."

எப்போது என்றாள். மூன்று கிழமை என்றேன். அவள் கண் ஒரு கணம் மேலே போய் வந்தது, அவளும் திங்கட்கிழமைக்குப் போய்விட்டு வருகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. திட்டவில்லை. எழுந்து வந்து மேசையில் கிடந்த துணியை ஈரக் கையால் நீவி விட்டாள், சுருக்கம் போகும்வரை நீவினாள், நீவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். நான் எடுக்கவில்லை. எடுக்க எனக்கு உரிமை இல்லை என்பது போல் இருந்தது. அவள் எடுத்து, காதில் வைக்காமல் சத்தத்தைத் திறந்து மேசையில் வைத்தாள். முதலில் யாரோ இங்கிலீஷில் பேசுகிற சத்தம், ஏதோ சக்கரம் உருளுகிற சத்தம், பிறகு நிரோசனுடைய மூச்சு. மாமி, பொம்பிளைப் பிள்ளை என்றான். இரண்டு கிலோ நூறு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்கள், ஆனால் நல்லாக் கத்தினவள், சுகிர்தாவுக்கு பிரஷர் இறங்குகிறது, களைச்சுப் போய்ப் படுத்திருக்கிறாள், உங்களைத்தான் கேட்கிறாள் என்றான். அவனும் அழுதுகொண்டுதான் சொன்னான். தவமலர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு, எந்தத் தமிழ்ப் பெண்ணும் கேட்கிறதைக் கேட்டாள்.

"எத்தினை மணிக்கு ராசா?"

ஏழு நாலு மாமி, சரியாய் ஏழு நாலு, சாதகத்துக்குக் கேட்பீங்கள் எண்டு எழுதி வைச்சிருக்கிறன் என்றான். அவள் சுவரில் தொங்கின கலண்டரில் இன்றைய திகதிக்குக் கீழே ஏழு நாலு என்று எழுதினாள், பேனை எழுதாமல் இரண்டு தரம் உதறி எழுதினாள். வெளிக்கிட்டு வருகிறோம் என்று போனை வைத்தாள். அடுப்பு மணிக்கூட்டில் ஏழு பதினேழு. நான் ஏற்கனவே கணக்குப் பார்த்துவிட்டேன், எனக்குத்தான் அந்தப் புத்தி இருக்கிறதே. ஏழு ஒன்றுக்கு முடிச்சு அவிழ்ந்தது. ஏழு நாலுக்கு அம்மாளுக்கு முன்னால் அந்தக் காசும் இல்லை, இந்தக் காசும் இல்லை. வெறுந்துணி விரிந்து கிடந்தது. என் பேத்தி உலகத்தில் முதல் மூச்சை இழுத்த அந்த நிமிஷம் நான் லென்ஸை வைத்து ஒரு காசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?

தவமலர் பேனையை மூடினாள். எத்தனை மணிக்கு அவிழ்த்தீர்கள் என்று கேட்டாள். அவளும் அங்கேதான் வந்திருக்கிறாள். ஏழு ஒன்று, மணிக்கூட்டைப் பார்த்தேன் என்றேன். லென்ஸையும் சொன்னேன். இனி எதை மறைத்து என்ன? அவள் விரிந்து கிடந்த துணியைப் பார்த்தாள். அம்மன் படத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"அப்ப முடிச்சு அவிண்டு கிடக்கேக்கதான் பிள்ளையும் இறங்கியிருக்கு," என்றாள்.

சமாதானத்துக்குச் சொன்ன குரல் இல்லை அது. மழை விட்டுவிட்டது என்று சொல்கிற குரல். முடிச்சு அவிழ்ந்ததால்தான் கெட்டது என்று நான் மூன்று கிழமையாய்ச் சுற்றிச் சுற்றி வந்து முட்டின சுவரில் அவள் ஒரு வாசல் இருக்கிறதைக் கண்டு நேரே நடந்து போய்விட்டாள். கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன், கோபம் பிறகு வரும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பின பிறகு, சோறு போடும்போது, ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாய் வரும், எனக்கு அவளைத் தெரியும். இப்போது அவள் கையை நீட்டினாள். நேர்ந்தது நேர்ந்ததுதான், எது என்ர காசு, தாங்கோ என்றாள். மேசையில் இரண்டு காசும் மகாராணியின் தலை தெரியக் கிடந்தன. எதைக் கொடுத்தாலும் அவளுக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது, என்றைக்கும் தெரியாது. திகதி இல்லாததை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரல் அதை விட்டு வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அவள் அதைப் புரட்டிப் பார்க்காமலே துணியில் வைத்து முடியத் தொடங்கினாள். சப்பாத்தைப் போடுங்கோ, பிள்ளையைப் பார்க்கப் போகவேணும் என்றாள். நான் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கையில் எடுத்தபோது அழுகை வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. அவள் வந்து என் தலையைத் தன் ஈரத் தோளோடு சேர்த்துப் பிடித்தாள், அழாதேங்கோ, பிள்ளை சுகமாய் வந்திட்டுது என்றாள். பிள்ளைக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். முக்கால்வாசி அதுதான்.